தெரியாதவனுக்கும் வேலை இருக்கிற க்விஸ்

கேள்வி இதுதான்: "நாங்கள் ஆறேழு பேர் சனிக்கிழமை இரவுகளில் ஒருவர் வீட்டில் கூடுவோம். சிரித்துக்கொண்டே விளையாடுகிற மாதிரி ஒரு ட்ரிவியா வீடியோ கேம் வாங்கலாம் என்று யோசனை. ஆனால் எங்களில் ஒருவன் க்விஸ் புலி. அவன் பதில் சொல்ல ஆரம்பித்தால் மற்றவர்கள் போனை நோண்டப் போய்விடுகிறார்கள். எதை வாங்குவது, எப்படி விளையாடுவது?"

அவசரத்தில் இருப்பவர்களுக்காக வாங்க வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக் என்று பத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஐந்து விளையாட்டுகள். அதில் மூன்றாவது பேக்கை வாங்குங்கள். நன்றாகப் பிடித்துப்போனால் அடுத்தது நான்காவது. சிரிப்பான ட்ரிவியாவுக்கெல்லாம் தாத்தாவான யூ டோன்ட் நோ ஜாக்தான் வேண்டும் என்றால் ஐந்தாவது, ஏனென்றால் முதல் பேக்கில் இருக்கும் ஜாக்கை நான்கு பேர்தான் விளையாட முடியும், ஐந்தில் எட்டுப் பேர் வரைக்கும். இனி விவரமாக.

புலியைக் குறை சொல்லாதீர்கள், பாவம். சாதாரண க்விஸில் பதில் தெரியாதவனுக்கு வேலையே கிடையாது. கேள்வி வருகிறது, தெரியவில்லை, இருபது வினாடி சும்மா உட்கார்ந்திருக்கிறான், தெரிந்தவன் சொல்கிறான், எல்லோரும் "ஓ" என்கிறார்கள், அடுத்த கேள்வி. இப்படி ஐந்து முறை நடந்தால் யாராக இருந்தாலும் கை போனுக்குத்தான் போகும். நல்ல சிரிப்பு ட்ரிவியா கேம் என்பது அந்த இருபது வினாடியில் தெரியாதவனுக்கு ஒரு வேலை கொடுப்பது: ஊகிக்கலாம், பொய் சொல்லலாம், இன்னொருவன் காலை வாரலாம், குறைந்தபட்சம் கேலிக்கு ஆளாகலாம். வாங்குவதற்கு முன் எந்த கேமைப் பார்த்தாலும் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள், பாதி கேம்கள் அங்கேயே கழன்றுவிடும். பிளேஸ்டேஷனில் 2005ல் வந்த பஸ்! (Buzz!) என்ற கேம் பெரிய சிவப்பு பஸ்ஸர்களோடு வந்தது, கையில் பிடித்துத் தட்டவே ஜாலியாக இருக்கும், ஆனால் உள்ளே இருந்தது பெரும்பாலும் தெரிந்தவன் ஜெயிக்கும் க்விஸ்தான்.

ஜாக்கின் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தந்திரங்களெல்லாம் அங்கேதான் தொடங்கின. சிகாகோவில் ஹாரி காட்லீப் என்பவர் நடத்திய ஒரு சின்ன நிறுவனம், முதலில் கல்விப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தது, பெயர் லேர்ன் டெலிவிஷன். பிள்ளைகளைப் புத்தகம் படிக்கவைக்க ஒரு க்விஸ் செய்யப்போய், அதே பாணியைப் பெரியவர்களுக்கு வாய்த்துடுக்காகச் செய்தால் என்ன என்று தோன்றி, ஜெல்லிவிஷன் என்ற பெயரில் 1995ல் யூ டோன்ட் நோ ஜாக் சிடியைக் கொண்டுவந்தார்கள். வெளியிட்டது பெர்க்லி சிஸ்டம்ஸ், கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்சேவரில் டோஸ்டர்களைச் சிறகு முளைக்கவைத்துப் பறக்கவிட்ட அதே கும்பல். தலைப்பையே தமிழில் சொன்னால் "உனக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்று அர்த்தம். ஆக, வாசலிலேயே திட்டித்தான் உள்ளே விடுகிறார்கள்.

நான் அதை முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில், அமெரிக்காவில் மாணவனாக இருந்தபோது, ஒரு விடுதி அறையில். ஒரே விசைப்பலகை, மூன்று பேர், இடது ஓரத்தில் ஒரு எழுத்து ஒருவனுக்கு, நடுவில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. பதில் தெரிந்தவன் முதலில் தன் எழுத்தைத் தட்ட வேண்டும், தப்பாகச் சொன்னால் பணம் கழியும், ஸ்கோர் மைனஸுக்கும் போகும். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, அமெரிக்க டிவி விளம்பரம் பற்றிக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் அன்று இரவு இரண்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. காரணம் ஸ்க்ரூ என்று ஒன்று. ஆட்டத்துக்கு எண்ணி ஒன்றிரண்டுதான் கிடைக்கும். கேள்வி சுத்தமாகப் புரியவில்லை என்றால் அதைத் தட்டி, "நீ சொல்லுடா" என்று பக்கத்தில் இருப்பவன் தலையில் கட்டிவிடலாம். அவன் தப்பாகச் சொன்னால் அவன் பணம் போகும், சரியாகச் சொல்லிவிட்டால் நம் முகத்தில் கரி. எனக்கு விடை தெரிய வேண்டியதே இல்லை, பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது என்பது தெரிந்தால் போதும். அது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கேள்விகள் கேட்கிற விதமும் அப்படித்தான், நேராகக் கேட்கவே மாட்டார்கள். உயர்ந்த விஷயத்தையும் தெருவிஷயத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவார்கள். தமிழில் அந்தப் பாணியில் ஒன்று சொல்கிறேன்: கும்பகர்ணன் தைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே படுக்கிறான் என்று வையுங்கள், தூக்கம் முடிந்து எழுந்து நேராக தி.நகருக்குப் போனால், கடை வாசல்களில் என்ன போர்டு தொங்கும்? தீபாவளி அதிரடியா, பள்ளிச் சீருடை விற்பனையா, ஆடித் தள்ளுபடியா, கிறிஸ்துமஸ் ஸ்பெஷலா? இதில் ராமாயணம் தெரிந்தவனும் தடுமாறுவான், தி.நகர் தெரிந்தவனும் தடுமாறுவான், இருவரும் பேசிக்கொண்டால் விடை வந்துவிடும், ஆனால் பேசிக்கொள்ள நேரம் கிடையாது. புலியின் பலம் இங்கேயே பாதியாகிவிடும், ஏனென்றால் அவன் மனப்பாடம் செய்து வைத்திருப்பது நேர்க் கேள்விகளுக்குத்தான்.

ஜாக்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு வகை. ஒன்று, உளறல் கேள்வி: ஒரு பிரபலமான வாக்கியத்தை எதுகை மட்டும் வைத்துக்கொண்டு அர்த்தம் கெட உளறுவார்கள், மூலம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும், நேரம் ஆக ஆகப் பணம் குறையும். "பூனைக்கும் படி வழுக்கும்" என்றால் என்ன பழமொழி என்று கேட்பது போல. இன்னொன்று, இதுவா அதுவா: முப்பது வினாடியில் ஏழு பெயர்கள், ஒவ்வொன்றும் இரண்டு வகையில் எது என்று பிரிக்க வேண்டும். நாங்கள் ஒரு முறை கேமை அணைத்துவிட்டு இதை வாயாலேயே விளையாடினோம், தலைப்பு "நெல்லா, ராகமா?" தூயமல்லி, பிலகரி, காட்டுயானம், நளினகாந்தி, பூங்கார், ஆரபி, குள்ளக்கார். எட்டு வருடம் பாட்டு கற்றுக்கொண்ட தோழி தூயமல்லியை ராகம் என்றாள், ஆரோகணம் பாடக்கூட முயற்சி செய்தாள், அந்த வீடியோ இன்னும் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.

2011ல் ஜாக் மறுபடி கன்சோல்களுக்கு வந்தபோது ஒரு அருமையான விஷயம் சேர்த்தார்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு கற்பனை நிறுவனம் ஸ்பான்சர், தப்பான விடைகளில் ஏதோ ஒன்று அந்த ஸ்பான்சரோடு சம்பந்தப்பட்டது. அதைத் தேர்ந்தெடுத்தால் கழிவு கிடையாது, பரிசும் பெரிய தொகையும் கிடைக்கும். அதாவது விடை தெரிந்தவன் வேகமாகச் சரியானதைத் தட்டிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருக்கும்போது, ஒன்றுமே தெரியாதவன் ஸ்பான்சர் பெயரை ஞாபகம் வைத்திருந்து தப்பைத் தட்டி அள்ளிக்கொண்டு போவான். இதைவிடக் குரூரமான நகைச்சுவை க்விஸ் உலகத்தில் நான் பார்க்கவில்லை. இடையில் 2001ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் நகைச்சுவை நடிகர் பால் ரூபன்ஸை வைத்து நிகழ்ச்சியாகவும் நடத்திப் பார்த்தார்கள், சில வாரங்களில் முடிந்துவிட்டது. இது பார்க்கிற விஷயம் கிடையாது, திட்டு வாங்குகிற விஷயம்.

அந்தத் திட்டுக்குப் பின்னால் நிறைய யோசனை இருக்கிறது. குக்கி மாஸ்டர்சன் என்ற தொகுப்பாளர் பாத்திரத்துக்கு டாம் காட்லீப் குரல் கொடுத்தார், கேட்டால் பதிவு செய்த குரல் என்றே தோன்றாது. நாம் பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று கேட்கும், பெயர் அடிக்காவிட்டால் தானே ஒரு கேவலமான பெயர் வைக்கும், விடை எழுத வேண்டிய கட்டத்தில் கெட்ட வார்த்தை எழுதினால் பணத்தைப் பிடுங்கும், திரும்பத் திரும்ப எழுதினால் ஆட்டத்தையே மூடிவிடும். இதையெல்லாம் ஹாரி காட்லீப் சில விதிகளாகவே எழுதி வைத்திருக்கிறார்: ஒரு நேரத்தில் ஒரே வேலை கொடு, தேர்வுகளைக் குறை, நீ காத்திருக்கிறாய் என்று தெரியப்படுத்து, பதில் வராவிட்டால் நகர்ந்து போய்க்கொண்டே இரு, ஒரே வசனத்தைத் திரும்பச் சொல்லாதே. வீட்டில் காகிதத்தில் க்விஸ் நடத்துகிறவர்கள் இதில் நான்காவதை மட்டுமாவது பின்பற்றினால் பாதி சலிப்பு போய்விடும். "இரு இரு, நாக்கு நுனியில இருக்கு" என்பவனுக்காக ஐந்து நிமிடம் காத்திருந்த க்விஸ்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சரி, இப்போதைய விஷயத்துக்கு வருவோம். அந்த நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவு 2013ல் ஜாக்பாக்ஸ் கேம்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2014ல் முதல் பார்ட்டி பேக்கை வெளியிட்டது. பெரிய மாற்றம் என்னவென்றால் கன்ட்ரோலர் தேவையில்லை. டிவியில் அல்லது லேப்டாப்பில் கேம் ஓடும், திரையில் நான்கு எழுத்து அறைக் குறியீடு வரும், எல்லோரும் தங்கள் போனில் பிரவுசரைத் திறந்து அந்தக் குறியீட்டை அடித்தால் போன்தான் பஸ்ஸர். வாங்க வேண்டியது ஒரே ஒருவர். உங்கள் ஆட்கள் போனை நோண்டப் போகிறார்கள் என்றீர்களே, இங்கே நோண்டுவதுதான் விளையாட்டு.

இந்தப் பேக்குகள் சிலவற்றில் வரும் ஃபிபேஜ் என்ற விளையாட்டு நேரடியாகப் புலிக்கு வைத்த ஆப்பு. உண்மையான ஒரு விசித்திரத் தகவலில் ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கோடு போட்டிருப்பார்கள். ஒவ்வொருவரும் ரகசியமாக ஒரு கப்சாவை எழுத வேண்டும், பிறகு எல்லாக் கப்சாக்களும் உண்மையும் கலந்து திரையில் வரும், உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சுற்றில் உண்மைக்கு 1000, உங்கள் கப்சாவில் விழும் ஒவ்வொருவருக்கும் 500, இரண்டாவது சுற்றில் இது இரட்டிப்பு, கடைசியில் மூன்று மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழு பேர் இருக்கும் அறையில் மூன்று பேரை ஏமாற்றினாலே தெரிந்தவனைத் தாண்டிவிடலாம். இந்த யோசனை பழையதுதான், 1984ல் கனடாவில் வந்த பால்டர்டாஷ் என்ற பலகை விளையாட்டும் இதே வகை, ஆனால் அங்கே ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்காட்ட வேண்டும், கையெழுத்து வேறு காட்டிக்கொடுத்துவிடும்.

கப்சா எழுதுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் தேசிய விலங்கு என்ன என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். உண்மையான விடை யூனிகார்ன், ஒற்றைக் கொம்புக் குதிரை. முதல் முறை விளையாடுகிறவர் "பாவாடை கட்டிய ஆடு" என்று எழுதுவார், அறையே சிரிக்கும், ஒருவரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். "சிவப்பு மான்" என்று சப்பென்று எழுதுகிறவன்தான் நான்கு பேரை விழவைப்பான். உண்மை ஒற்றைச் சொல்லாக இருக்கும்போல் தோன்றினால் ஒற்றைச் சொல்லாக எழுதுங்கள், வாக்கியத்தோடு இலக்கணம் பொருந்துகிறதா என்று பாருங்கள், ரொம்ப விசித்திரமும் வேண்டாம். ஆனால் ஒரு ஓரத்தில், எல்லாரும் சப்பென்று எழுத ஆரம்பித்தால் ஆட்டம் செத்துவிடும் என்பதும் உண்மை, நான் பாதிக்குப் பாதி வைத்துக்கொள்வேன். தெரியாத்தனமாக உண்மையையே எழுதிவிட்டால் கேம் அதை ஏற்காமல் வேறு எழுதச் சொல்லும். அப்போது புலியின் முகத்தைப் பாருங்கள், உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். எங்கள் வீட்டுப் புலி அந்தச் சிரிப்பை மறைக்க ஒரு நாள் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு விளையாடினான்.

நான்காவது பேக்கில் இருக்கும் ஃபிபேஜ் 3ல் இன்னொரு முறையும் இருக்கிறது, அதில் கேள்விகளே விளையாடுகிறவர்களைப் பற்றியவை. உங்களைப் பற்றிய ஒரு உண்மையை நீங்கள் நிரப்ப வேண்டும், மற்றவர்கள் உங்கள் பெயரில் கப்சா எழுதுவார்கள். உலகத் தலைநகரங்கள் அத்தனையும் தெரிந்தவனுக்கு, உன் முதல் சமையலில் எது கருகியது என்பது தெரியாது. பத்து வருட நட்பு உள்ள குழுவுக்கு இதைவிட நல்ல ட்ரிவியா இல்லை. புதிதாகச் சேர்ந்த காதலியோ கணவரோ அறையில் இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.

ட்ரிவியா மர்டர் பார்ட்டிக்காகத்தான் மூன்றாவது பேக்கை முதலில் சொன்னேன். பேய்ப்படத்துக் கொலைகாரன் ஒருவன் க்விஸ் நடத்துகிறான். நான்கு விடைகள் கொண்ட சாதாரணக் கேள்வி, ஆனால் தப்பாகச் சொன்னவர்கள் கொலைக்களத்துக்குப் போக வேண்டும், அங்கே ஒரு குட்டி விளையாட்டு: சில கோப்பைகளில் எதில் விஷம் என்று ஊகிப்பது (விஷம் வைப்பது சரியாகச் சொன்ன உங்கள் அருமை நண்பர்கள்), இல்லையென்றால் அவசர அவசரமாகக் கூட்டல் கழித்தல். சுவாரசியம் முழுக்கத் தப்பான விடையில்தான் இருக்கிறது. எல்லாமே சரியாகச் சொல்கிற புலி ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் கொலைக்களத்தில் அலறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான், முதல் முறையாகக் கொஞ்சம் பொறாமையோடு. செத்தாலும் ஆட்டம் முடியாது, ஆவியாகத் தொடரலாம். கடைசிச் சுற்றில் எல்லோரும் வாசலை நோக்கி ஓடுவார்கள், ஒரு தலைப்புக்குக் கீழே வருபவற்றில் எது பொருந்தும் எது பொருந்தாது என்று சொல்லச் சொல்ல முன்னேறலாம், பின்னால் வரும் ஆவி முன்னால் ஓடும் உயிருள்ளவனைப் பிடித்துவிட்டால் அவன் உடம்பில் ஏறிக்கொள்ளும். முதல் கேள்வியிலேயே செத்தவன் கடைசியில் ஜெயித்ததை நான் மூன்று முறையாவது பார்த்திருக்கிறேன். இதன் இரண்டாம் பாகம் ஆறாவது பேக்கில் இருக்கிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கேள்விகள் அமெரிக்கத்தனமானவை, யூ டோன்ட் நோ ஜாக்கில் ரொம்பவே. அமெரிக்கக் காலை உணவு தானிய டப்பாவில் இருக்கும் பொம்மையின் பெயர் மதுரையில் வளர்ந்தவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? எங்கள் குழுவில் பாதி அங்கே பிறந்த பிள்ளைகள், பாதி ஊரிலிருந்து வந்தவர்கள், அதனால் ஜாக் போட்டால் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், ஃபிபேஜில் அந்தச் சாய்வு இல்லை, ஏனென்றால் அந்தத் தகவல்கள் அமெரிக்கர்களுக்கும் தெரியாது. தமிழில் எதுவும் கிடையாது. மூன்றாவது பேக்கிலேயே இருக்கும் க்விப்லாஷ் 2ல் சொந்தமாகக் கேள்விகள் எழுதிக்கொள்ள வசதி உண்டு, அது ட்ரிவியா இல்லை, நகைச்சுவையாக வாக்கியத்தை முடிக்கிற போட்டி, ஆனால் தங்கிலீஷில் உங்கள் கல்லூரி, உங்கள் ஹாஸ்டல் மெஸ், உங்கள் பழைய மேனேஜர் என்று பத்துப் பதினைந்து எழுதி வைத்துக்கொண்டால் அந்த இரவு உங்களுடையது. எழுதும் வேலையைப் புலியிடமே கொடுத்துவிடுங்கள், ஒரு வாரம் சந்தோஷமாக இருப்பான்.

இன்னொரு குறை, ஜாக் எபிசோடுகள் எழுதி வைத்தவை. அதே எபிசோடு மறுபடி வந்தால் விடைகள் ஞாபகத்தில் இருக்கும், வாங்கியவர் முன்கூட்டியே தனியாக விளையாடிப் பார்த்திருந்தால் அது மோசடி, நட்பே முறியும். நானே ஒரு முறை செய்து மாட்டியிருக்கிறேன், தொகுப்பாளர் ஜோக்கை முடிப்பதற்கு முன்னால் சிரித்துவிட்டேன்.

நடத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. முதல் முறை விளையாடும்போது கேம் விதிகளை விளக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள், ஒருவருக்குப் புரியாவிட்டாலும் அவர் அந்த இரவு முழுக்க மௌனமாகிவிடுவார். பெற்றோர் அல்லது பிள்ளைகள் இருந்தால் செட்டிங்கில் குடும்பத்துக்கேற்ற வடிகட்டியைப் போட்டுவிடுங்கள், போடாவிட்டால் அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஆங்கிலத்தில் மெதுவாகத் தட்டுகிறவர்கள் இருந்தால் பல பேக்குகளில் நேரத்தை நீட்டிக்கும் வசதி உண்டு, அதைக் கேட்காமலே போட்டுவிடுவது மரியாதை. வீடியோ அழைப்பில் விளையாடினால் திரையோடு ஒலியையும் பகிருங்கள், நிறையப் பேர் மறப்பது இதைத்தான், ஒலி இல்லாத ஜாக் உப்பில்லாத சாம்பார். ஆட்டம் ஒன்று இருபது நிமிடம்போல ஓடும், மூன்று போதும், நான்காவதில் யாராவது தூங்கிவிடுகிறார்கள்.

அப்புறம் விடைகள், கேட்காமல் விடமாட்டீர்கள். பிலகரி, நளினகாந்தி, ஆரபி மூன்றும் ராகம், மற்ற நான்கும் நெல். உளறியது "யானைக்கும் அடி சறுக்கும்". கும்பகர்ணனுக்கு ஆறு மாதத் தூக்கம், தை ஒன்றிலிருந்து எண்ணினால் சரியாக ஆடி ஒன்று, ஆகவே எழுந்த கையோடு தள்ளுபடியில் வேட்டி வாங்கலாம், அளவு கிடைத்தால்.